உடற்பயிற்சிக்கு முந்தைய அந்த அரைமணி நேரத்தை எப்படிக் கடக்கிறீர்கள்?

நாளைக்காரன்

உடற்பயிற்சி நல்லது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எப்படிச் செய்வது என்பதும் ஓரளவு தெரியும். செய்து முடித்தபின் 'இதை ஏன் செய்தோம்' என்று நினைத்ததே கிடையாது. என் சிக்கல் எல்லாம் அதற்கு முந்தைய அரைமணி நேரம்தான்.

ஷூ கண் முன்னாலேயே கிடக்கும். 'இந்த வீடியோ முடியட்டும்' என்பேன். அப்புறம் பதில் போட வேண்டிய ஒரு மின்னஞ்சல் நினைவுக்கு வரும், அதுவரை ஒரு வாரமாக நினைவுக்கே வராத மின்னஞ்சல். கடைசியில், 'இனிமேல் போனால் முழுசாகச் செய்ய நேரம் இருக்காது, நாளைக்குச் சேர்த்துச் செய்துகொள்ளலாம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

அலுவலக வேலையில் நான் இப்படி இல்லை. கெடு வைத்தால் முடித்துக் கொடுத்துவிடுவேன். உடம்பு விஷயத்தில் மட்டும் இந்தத் தள்ளிப்போடல்.

'மன உறுதி வேண்டும்', 'இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டு' இரண்டும் கேட்டாயிற்று. அந்த அரைமணி நேரத்தில் நீங்கள் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஊக்க வீடியோ இணைப்பு வேண்டாம், ப்ளீஸ்.

சுமைதூக்கி

நேராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். யோசிக்காமல் எழுந்து போங்கள். காலையில் பல் தேய்க்க யாராவது ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கிறார்களா? அதேபோலத்தான். யோசிக்க இடம் கொடுத்தால் மூளை நூறு காரணம் சொல்லும். ஜிம்முக்குப் போகிற எவனும் தினமும் ஆசையோடு போகவில்லை.

இரட்டையர்அம்மா

பல் தேய்த்தால் மூச்சு வாங்காது, மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்காது சுமைதூக்கி :) 'யோசிக்காதே' என்பது ஏற்கனவே பழகிவிட்டவர் சொல்கிற பேச்சு. பழகாதவருக்கு யோசனை தானாக வருகிறது. அதை எங்கே நிறுத்துவது என்றுதானே கேட்கிறார்?

ஆய்வுப்பித்தன்

நீண்ட பதில், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்காரன், வேலையில் தள்ளிப்போடுவதில்லை என்று சொன்னீர்களே, எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. வேலைக்குக் கெடு உண்டு, கேட்பதற்கு ஆள் உண்டு. உடற்பயிற்சிக்கு இரண்டும் இல்லை. இன்று விட்டால் இன்று எதுவும் கெட்டுப்போகாது. அதனால் 'சோம்பேறி' என்கிற பட்டத்தை முதலில் கழற்றி வையுங்கள். சோம்பேறி என்றால் எல்லாவற்றிலும் அப்படி இருந்திருப்பீர்கள்.

தள்ளிப்போடுதலை ஆராய்கிற உளவியலாளர்கள் ஃபூஷியா சிராய், டிமோதி பிச்சில் இருவரும் 2013-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சுருக்கமாக அவர்கள் சொன்னது: இதை நேர மேலாண்மைப் பிரச்சினையாகப் பார்ப்பதைவிட மனநிலைப் பிரச்சினையாகப் பார்ப்பது பொருந்தும். ஒரு வேலையை நினைத்தாலே எரிச்சலோ பயமோ சலிப்போ வருகிறது. 'நாளைக்கு' என்று சொன்ன உடனே அது போய்விடுகிறது. அந்த நிம்மதி நிஜமானது, உடனே கிடைப்பது. விலையை நாளைக்கு இருக்கப்போகிற நீங்கள் கொடுப்பீர்கள். எனவே அட்டவணை போடுவதற்கு முன்னால், அந்த அரைமணி நேரத்தில் எந்த உணர்விலிருந்து தப்பிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் நடைமுறை. பிரிட்டனில் 2002-இல் வெளியான ஒரு ஆய்வு. மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. இன்னொரு குழுவுக்கு இதயநோய் ஆபத்து, பயிற்சியின் பலன் என்று ஊக்கமூட்டும் தகவல்கள். மூன்றாவது குழுவுக்கு அதே தகவலோடு ஒரே ஒரு வேலை கூடுதல்: அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று எழுதித் தர வேண்டும். முதல் குழுவில் பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். ஊக்கம் மட்டும் பெற்ற குழுவில் 35 சதவீதம், அதாவது ஊக்கப் பேச்சு ஒன்றுமே செய்யவில்லை. எழுதித் தந்த குழுவில் 91 சதவீதம்.

இதைப் பார்த்து துள்ளிக் குதிக்க வேண்டாம். மாணவர்கள், ஒரு வாரம், அதுவும் அவர்களே சொன்ன கணக்கு. வருடக்கணக்கில் இப்படியே நடக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் நீங்கள் கேட்டது அரைமணி நேரத்தைப் பற்றி. 'சாயங்காலம் செய்வேன்' என்று வைத்திருந்தால் சாயங்காலம் முழுக்க ஒவ்வொரு நிமிடமும் 'இப்போதா, இல்லை அப்புறமா' என்று வழக்காட வேண்டியிருக்கும். '6.40-க்கு, கணினியை மூடிய கையோடு, வாசலில்' என்று இருந்தால் வழக்கு ஒரு முறைதான்.

நாளைக்காரன்

> எந்த உணர்விலிருந்து தப்பிக்கிறீர்கள் என்று பாருங்கள்

பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால் இரண்டு. ஒன்று, ஓடத் தொடங்கி முதல் ஐந்து நிமிடம். நெஞ்சு அடைப்பது போல, கால் இரும்பு மாதிரி. அதைத் தாண்டினால் சரியாகிவிடும், ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வருவது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான். இரண்டு, முன்பு நிற்காமல் ஓடிய தூரத்தில் பாதிகூட இப்போது முடிவதில்லை என்று ஒவ்வொரு முறையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போகாமல் இருந்தால் தெரியாமலே இருக்கலாம் இல்லையா.

பிசியோ

அந்த முதல் ஐந்து நிமிடத்துக்கு உடலியல் காரணம் இருக்கிறது, உங்கள் மன உறுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஓடத் தொடங்கிய நொடியே தசைகளுக்கு ஆக்சிஜன் தேவை ஏறிவிடும். ஆனால் மூச்சும் இதயமும் அந்த அளவுக்கு ஏறிவர இரண்டு மூன்று நிமிடம் ஆகும், பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு இன்னும் கூட ஆகும். அந்த இடைவெளியில் உடம்பு ஆக்சிஜன் இல்லாத வழியில் ஆற்றல் எடுத்துச் சமாளிக்கிறது. அதனால்தான் தொடக்கம் அவ்வளவு மோசமாகத் தெரிகிறது, அப்புறம் 'சரியாகிவிடுகிறது'. நின்ற நிலையிலிருந்து நேராக ஓட்டத்துக்குப் போகாமல் ஏழெட்டு நிமிடம் நடந்து, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் அந்தப் பள்ளமே பெரும்பாலும் வராது.

அதைவிட முக்கியம் தீவிரம். உங்களிடம் இருப்பது பழைய உடம்பின் வேகம், புதிய உடம்பின் நுரையீரல். பயிற்சியின்போது மனம் எப்படி இருக்கிறது என்பதை நீண்ட காலமாக ஆராய்ந்தவர் பான்டெலைமோன் எக்கெக்காக்கிஸ். அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது இது: மூச்சு திடீரென்று கனமாகிற ஒரு எல்லை ஒவ்வொருவருக்கும் உண்டு. அதற்குக் கீழே செய்யும்போது பெரும்பாலோருக்கு மனம் நன்றாக இருக்கிறது, தாண்டினால் பெரும்பாலோருக்குக் கசக்கிறது. மூளை அந்தக் கசப்பைத்தான் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு மறுநாள் சோபாவில் உங்களுக்குக் காட்டுகிறது.

எல்லையைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான தீவிரம், அங்கேயே இருங்கள். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் தாண்டிவிட்டீர்கள், குறையுங்கள். ஓட்டமே நடையாக மாறினாலும் பரவாயில்லை. முதல் மாதம் முழுக்க, 'இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே' என்ற எண்ணத்தோடு முடியுங்கள். என்னிடம் வருகிறவர்கள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள், களைத்து விழுந்தால்தான் பயிற்சி என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் தசை வலி. பழக்கமில்லாத பயிற்சி செய்தால் வலி அன்றைக்கே உச்சத்துக்கு வராது, ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வரும். முதல் நாள் உற்சாகத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, இரண்டாம் நாள் எழ முடியாமல், அதோடு ஒரு வாரம் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அதைத் தள்ளிப்போடுதல் என்கிறார்கள். நான் அளவு தப்பிய மருந்து என்பேன்.

நீங்கள் 'நெஞ்சு அடைப்பது போல' என்று எழுதியது மூச்சுத் திணறலைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். உழைக்கும்போது நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றலோ, மயக்கம் வருவதுபோலவோ இருந்தால் இந்த இழையை மூடிவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

நாளைக்காரன்

மூச்சுதான் பிசியோ, வலி இல்லை. நன்றி. நடந்து தொடங்கலாம் என்று எனக்கு இதுவரை தோன்றவே இல்லை, 'ஓட்டம்' என்றால் வாசலிலிருந்தே ஓட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெதுநடை

வயதில் உங்கள் எல்லோருக்கும் மூத்தவன் என்று நினைக்கிறேன். நான் செய்வது ஒன்றுதான். வெளியிலிருந்து வீட்டுக்குள் வந்தால் உட்கார மாட்டேன். பையை வைப்பேன், தண்ணீர் குடிப்பேன், திரும்பி நடக்கப் போவேன். உட்கார்ந்துவிட்டால் எழுவது தனி வேலை. அந்த வேலையை நான் எனக்குக் கொடுப்பதில்லை.

10,000 அடி கணக்கெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள் தம்பி. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது, மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு இல்லை.

ஆய்வுப்பித்தன்

மெதுநடை ஐயா சொன்னது சரி. 2019-இல் வயதான பெண்கள் 16,741 பேரைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. நடந்ததால்தான் குறைந்ததா என்பதை இந்த வகை ஆய்வு அறுதியிட்டுச் சொல்லாது. இருந்தாலும் 'பத்தாயிரம் இல்லையென்றால் வீண்' என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

நாளைக்காரனின் 'முழுசாகச் செய்ய நேரம் இருக்காது' என்ற தீர்ப்புக்கும் இது பதில். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற விதி உலக சுகாதார நிறுவனத்தின் பழைய வழிகாட்டலில் இருந்தது. 2020 வழிகாட்டலில் அதை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, எப்படிப் பிரித்தாலும் சரி.

சுமைதூக்கி

எல்லாம் சரி, ஆனால் இந்த இழை போகிற போக்கைப் பார்த்தால் கடைசியில் 'மூச்சு விட்டாலே பயிற்சிதான்' என்று முடித்துவிடுவீர்கள் போலிருக்கிறது. அதே வழிகாட்டலில் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசை வலுவுக்கான பயிற்சி என்றும் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. தசை வளர வேண்டுமென்றால் அதற்குச் சவால் தேவை. சுகமாக இருக்கிற அளவிலேயே நின்றால் உடம்பு ஏன் மாறும்?

பிசியோ

உடன்படுகிறேன், எப்போது என்பதில் மட்டும் வேறுபடுகிறேன். சுமையைக் கூட்டுவது வாராவாரம் வருகிற ஆளுக்கு. வராத ஆளுக்குச் சுமையைக் கூட்டி என்ன பயன்? முதலில் வரட்டும்.

சுமைதூக்கி

அது நியாயம்.

ஓட்டக்காரி

எனக்கு வேலை செய்தது லஞ்சம். எனக்கு நானே கொடுப்பது. பிடித்த தொடர் ஒலி நூல் ஒன்று, ஓடும்போது மட்டும்தான் கேட்பேன். கதை பாதியில் நிற்கிற இடம் நன்றாக இருந்தால் அந்த வாரம் ஓட்டமும் நன்றாக இருக்கும், எழுத்தாளர் கையில் என் ஆரோக்கியம்!

அடுத்து, துணை. தோழி வருகிறாள் என்றால் நான் போயே தீருவேன். ஆனால் அவள் ஊருக்குப் போனால் என் ஓட்டமும் ஊருக்குப் போய்விடும். பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதும் அப்படித்தான். தேதி வரைக்கும் ஒழுங்கு, முடிந்த மறுநாளிலிருந்து ஷூவைக் காணோம். இதை யாராவது தாண்டியிருக்கிறீர்களா?

ஆய்வுப்பித்தன்

ஒலி நூல் லஞ்சத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கேத்தரின் மில்க்மன் குழு, 2014. விறுவிறுப்பான ஒலி நூல்களை ஜிம்மில் மட்டும் கேட்க முடிகிற மாதிரி பூட்டி வைத்தார்கள். தொடக்கத்தில் ஒப்பீட்டுக் குழுவைவிட 51 சதவீதம் அதிகமாக வந்தார்கள். வாரங்கள் போகப் போகப் பலன் தேய்ந்தது, இடையில் ஒரு விடுமுறை வந்ததும் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. நீங்கள் சொல்கிற 'ஊருக்குப் போதல்' இதுதான்.

இரட்டையர்அம்மா

விடுமுறை என்கிற அந்த இடத்தில்தான் நான் பேச வேண்டும். இந்த மாதிரி விவாதங்களில் எல்லோரும் தொடங்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குத் தொடங்குவதில் பிரச்சினை இல்லை, நான் தொடங்குவதில் நிபுணி. பிள்ளைகளில் ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், அது முடியும்போது இன்னொருத்திக்கு வரும், அது முடியும்போது எனக்கு வரும். பழகிக்கொண்டிருந்த எல்லாம் போச்சு. என் தொலைபேசிச் செயலி தொடர் நாட்கள் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் காட்டும். அதில் பூஜ்யத்தைப் பார்த்தால் மறுபடி போகவே தோன்றாது. செயலியை நீக்கிய பிறகுதான் ஒழுங்காகப் பயிற்சி செய்கிறேன் என்றால் நம்புவீர்களா?

ஐந்து மணிக்கு எழுந்திருங்கள் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். ஐந்து மணிக்கு நான் ஏற்கனவே விழித்துத்தான் இருக்கிறேன், காரணம் வேறு. எனக்கு நேரம் இல்லாத நாளை 'தள்ளிப்போட்ட நாள்' என்று கணக்கு வைத்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டிருந்ததுதான் பெரிய தடையாக இருந்தது. நேரம் இல்லாதது வேறு, நேரம் இருந்தும் போகாதது வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு ஆலோசனை சொல்கிறார்கள்.

ஆய்வுப்பித்தன்

நீங்கள் சொல்வதற்கு வலுவான ஆதாரமே இருக்கிறது. மில்க்மன் உள்ளிட்ட ஒரு பெரிய குழு 2021-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. ஒரு ஜிம் நிறுவனத்தின் 61,173 உறுப்பினர்கள், நான்கு வாரம், 54 விதமான ஊக்கத் திட்டங்கள். எல்லாவற்றிலும் மேலே வந்த திட்டம், ஒரு நாள் தவறவிட்டவர் திரும்பி வந்தால் அவருக்குச் சின்னதாக ஒரு வெகுமதி தருவது. தொடர்ந்து வந்தவருக்கு மாலை போடுவதைவிட இது நன்றாக வேலை செய்தது. எந்தத் திட்டம் ஜெயிக்கும் என்று முன்கூட்டியே நிபுணர்களிடம் கேட்டிருந்தார்கள், அவர்களால் சரியாகக் கணிக்க முடியவில்லை.

பாதிக்குச் சற்றுக் குறைவான திட்டங்கள் அந்த நான்கு வாரமும் வருகையைக் கூட்டின. நான்கு வாரத்துக்குப் பிறகும் மாற்றம் தெரிந்தது 8 சதவீதத் திட்டங்களில்தான். ஆகவே ஓட்டக்காரி, தாண்டியவர்கள் குறைவு. தந்திரம் தேயத்தான் செய்யும், தேய்ந்தால் அடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்ற கதையையும் விட்டுவிடுங்கள். அது 1960-இல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக ஏறத்தாழ அவ்வளவு நாளாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பியது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரிடம் செய்த ஆய்வில் நடுத்தர அளவு 66 நாள், ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை. தண்ணீர் குடிப்பது மாதிரி எளிய பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் ஆனது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

புதுவிருந்தாளி

படித்துக்கொண்டே வந்தேன். ஒரு சந்தேகம். ஒரு வருடத்துக்கு ஜிம்மில் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டால், போன பணத்தை நினைத்தாவது போவோம் இல்லையா?

ஓட்டக்காரி

முதல் மாதம் போவீர்கள் :)

ஆய்வுப்பித்தன்

அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை வைத்து 2006-இல் ஒரு பொருளாதார ஆய்வு வந்தது. மாதச் சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு, அவர்கள் போன தடவைகளை வைத்துக் கணக்குப் பார்த்தால், அவ்வப்போது நுழைவுக் கட்டணம் கட்டியிருந்தாலே மலிவாக முடிந்திருக்கும். வருங்காலத்து நம்மைப் பற்றி நமக்கு எப்போதும் உயர்ந்த அபிப்பிராயம்தான்.

புதுவிருந்தாளி

சரி, கட்டவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். எனக்குப் பயிற்சி மட்டுமில்லை, எதிலும் நாட்டமில்லை. முன்பு பிடித்தவைகூட. அதற்கும் இந்த வழிகள் உதவுமா?

பிசியோ

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படி இருக்கிறது, தூக்கம், பசி எல்லாம் மாறியிருக்கிறது என்றால் அதைத் தள்ளிப்போடுதல் என்று பெயர் வைத்து நீங்களே சமாளிக்க வேண்டாம். மருத்துவரிடம் பேசுங்கள். மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. உடற்பயிற்சி அதோடு சேர்ந்து உதவும், அதற்குப் பதிலாக இல்லை. கேட்டது நல்லது.

நாளைக்காரன்

எல்லோருக்கும் பதில் போட நினைத்து, வழக்கம்போல் தள்ளிப்போட்டு, இப்போது எழுதுகிறேன்.

என் திட்டம் இது. திங்கள், புதன், வெள்ளி. கணினியை மூடியதும் உட்காராமல் வெளியே. எட்டு நிமிடம் நடை, அப்புறம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் பன்னிரண்டு நிமிடம். கையில் கடிகாரம் கிடையாது, பழைய தூரத்தோடு ஒப்பிடுவது எனக்கு ஆகவில்லை. விட்டுப்போனால் அடுத்த முறை அதே இருபது நிமிடம்தான், சேர்த்துச் செய்யப்போவதில்லை. யாராவது ஓட்டை கண்டுபிடியுங்கள்.

சுமைதூக்கி

நான் கண்டுபிடிக்கிறேன். கூட்டம் ஏழு மணி வரை இழுத்துவிட்டால்? மழை பெய்தால்? இவை இரண்டுக்கும் இப்போதே பதில் எழுதி வைக்கவில்லை என்றால் அன்றைக்கு மறுபடி வழக்காடுவீர்கள்.

நாளைக்காரன்

மழைக்கு: வீட்டுக்குள்ளேயே ஸ்குவாட், புஷ்-அப், பத்து நிமிடம். கூட்டத்துக்கு... தெரியவில்லை. இரவு சாப்பிட்ட பிறகு நடை?

மெதுநடை

நடக்கலாம், மெதுவாக. சாப்பிட்ட உடனே ஓட வேண்டாம்.

சுமைதூக்கி

ஸ்குவாட்டை மழைக்காக ஏன் வைத்திருக்கிறீர்கள்? செவ்வாய்க்கும் வியாழனுக்கும் எழுதுங்கள், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் கணக்கில் வந்துவிடும்.

பிசியோ

முதல் மாதம் முடியட்டும் சுமைதூக்கி!

இரட்டையர்அம்மா

நாளைக்காரன், இன்று புதன். மணி 6.35.